மெசின் ஸ்ராட் வருகுதில்லை, பிளக்கில நெருப்பு இருக்கு: காபரேட்டர் மாத்திறதோ?

கேள்வி: 2024 மார்ச் 9, சனி, காலமை 6.40

மன்னார் பேசாலையில இருந்து எழுதுறன். வள்ளத்துக்குப் பூட்டுற 15 குதிரைவலு மண்ணெண்ணெய் மெசின், 2 ஸ்ரோக், ரெண்டு சிலிண்டர், வாங்கி ஆறு வருசம். நேற்றுப் பின்னேரம் வடிவா ஓடி வந்தது. இண்டைக்கு விடிய நாலு மணியில இருந்து கயிறு இழுக்கிறன், ஸ்ராட் வருகுதில்லை. புதுப் பிளக் ரெண்டு போட்டுப் பாத்தாச்சு. பிளக்கை வெளியில வைச்சு இழுத்தால் நெருப்பு வருது. அப்ப காபரேட்டர்தான் பழுது, புதுசு போடவேணும் எண்டு இங்க ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ? விலையைக் கேட்டால் தலை சுத்துது.

பதில்: மார்ச் 9, காலமை 7.15

தம்பி, முதல்ல கயிறு இழுக்கிறதை நிப்பாட்டுங்கோ. ரெண்டரை மணித்தியாலம் இழுத்திட்டீங்கள், இனி இழுக்கிற ஒவ்வொரு தரமும் சிலிண்டருக்குள்ள எண்ணெய்தான் (பெற்றோலோ மண்ணெண்ணெயோ) சேரும், உங்கட தோள்மூட்டும் போகும். காபரேட்டர் எண்டது எண்ணெயைக் காத்தோட கலந்து மெசினுக்குள்ள விடுறது, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் வேலை செய்த சாமான். அடைக்கும், ஊத்தை பிடிக்கும், ஆனா ஒரே இரவில மாத்திற அளவுக்குப் பழுதாகாது. காசைக் கையில வைச்சிருங்கோ.

ஒண்டு கேக்கிறன். நேற்றுக் கரைக்கு வந்து மெசினை நிப்பாட்டேக்க பெற்றோலில ஓடிக்கொண்டிருந்ததோ மண்ணெண்ணெயில ஓடிக்கொண்டிருந்ததோ?

ஏன் கேக்கிறன் எண்டால் எங்கட மெசின் பெற்றோலில ஸ்ராட் வந்து, சூடு பிடிச்ச பிறகு வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்திற மெசின். பெற்றோல் ஆவி நெருப்புப் பிடிக்கிறதுக்கு சைபருக்குக் கீழ 40 பாகை குளிரிலயும் காணும். மண்ணெண்ணெய்க்கு ஆகக் குறைஞ்சது 38 பாகை சூடு வேணும். விடியப்புறம் நாலு மணிக்கு மன்னார்க் கடற்கரையில உந்தச் சூடு எங்க இருக்கு? காபரேட்டருக்கு அடியில எண்ணெய் நிக்கிற சட்டிக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டுதெண்டால் அது ஆவியாகாமல் துளித்துளியா உள்ள போய்ப் பிளக்கை நனைக்கும், அவ்வளவுதான். நீங்கள் நூறு தரம் இழுத்தாலும் அது பத்தாது.

எங்கட அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரைக்கு வரேக்க யாகப்பர் கோயில் கோபுரம் வடிவாத் தெரியத் தொடங்கின உடன "வால்வைத் திருப்படா" எண்டு கத்துவார். அதில இருந்து கரை தட்டுற வரைக்கும் பெற்றோலில ஓடும், சட்டிக்குள்ள கிடக்கிற மண்ணெண்ணெய் எரிஞ்சு முடிஞ்சிடும், அடுத்த நாள் மூண்டாவது இழுவையில மெசின் கத்தும். எனக்கு அப்ப பத்து வயசு, பெற்றோல் வீண் எண்டு நினைச்சனான்.

காபரேட்டர்ச் சட்டிக்கு அடியில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைக் கழட்டி உள்ள இருக்கிறதை ஒரு போத்தலில பிடியுங்கோ. பிறகு ஸ்குரூவைப் பூட்டி, வால்வைப் பெற்றோல் பக்கம் திருப்பி, பெற்றோல் குழாயில இருக்கிற றபர் பம்பை இறுகுற வரைக்கும் அமத்திப் போட்டு இழுத்துப் பாருங்கோ. போத்தலை ஊத்தவேண்டாம், வைச்சிருங்கோ.

மார்ச் 9, மத்தியானம் 12.30

தம்பி பதில் போட்டிருக்கிறார். மண்ணெண்ணெயிலதான் நிப்பாட்டினவராம், பெற்றோல் முடிஞ்சு போச்சாம். சட்டியை வடிச்சு, புதுப் பெற்றோல் வாங்கி ஊத்தி, பம்ப் அமத்தி இழுத்தும் வரேல்லையாம்.

அப்ப நான் காலமை சொன்னது காணாது. சரி, அடுத்தது.

இப்ப பிளக் ரெண்டையும் கழட்டி முகத்தைப் பாருங்கோ. பத்துப் பதினைஞ்சு தரம் இழுத்த பிறகும் பிளக் காய்ஞ்சு கிடந்தால் எண்ணெய் உள்ள போகேல்லை. நனைஞ்சு கிடந்தால் எண்ணெய் போகுது, எரியேல்லை. எரியாமைக்கு நெருப்புப் பலவீனமா இருக்கலாம், போற எண்ணெய் பிழையா இருக்கலாம், சிலிண்டருக்குள்ள அமுக்கம் குறைஞ்சிருக்கலாம். கறுப்பாப் பிசுபிசு எண்டு கிடந்தால், உராய்வுக்கு எண்டு பெற்றோல் மண்ணெண்ணெயோட கலக்கிற 2ரி எண்ணெய் கூடிப்போச்சு. பழுது பிடிக்கிறதில முக்கால்வாசி உந்தப் பிளக் முகத்தில எழுதிக் கிடக்கு, ஆனா கழட்டின கையோட துணியால துடைச்சுப் போட்டுப் பிறகு "பிளக் நல்லம்" எண்டு சொல்லுற ஆக்கள்தான் கூட. துடைக்காதேங்கோ. பாருங்கோ, மணந்து பாருங்கோ, எனக்கு ஒரு படம் அனுப்புங்கோ.

மார்ச் 9, இரவு 9.50

படம் வந்தது. ரெண்டு பிளக்கும் தொப்பலா நனைஞ்சு கிடக்கு.

காலமை கேள்வியில ஒரு வரி இருந்தது, அதில நான் நிண்டு யோசிக்காமல் எண்ணெய்ப் பக்கம் ஓடிட்டன். "பிளக்கை வெளியில வைச்சு இழுத்தால் நெருப்பு வருது" எண்டு எழுதியிருக்கிறார். அதை வைச்சு நெருப்புப் பக்கம் சரி எண்டு முடிவெடுக்கேலாது. வெளிக்காத்தில ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைப் பாயிறது லேசு. சிலிண்டருக்குள்ள காத்து ஆறேழு மடங்கு அமத்தப்பட்டுக் கிடக்கும், அதுக்குள்ளால பாயிறதுக்குக் கன வலு வேணும். வெளியில மஞ்சளா மெல்லிசா ஒரு நெருப்புத் தெரியும், உள்ள போனால் செத்துப்போகும். நல்ல நெருப்பெண்டால் வெள்ளை கலந்த நீலமா இருக்கும், சத்தம் கேக்கும், "டிக் டிக்" எண்டு. பகல் வெளிச்சத்தில நிறம் தெரியாது, ஒரு சாக்கைத் தலைக்கு மேல போட்டுக்கொண்டு பாருங்கோ.

ரெண்டு விசயம் கவனம். பிளக்கின்ர இரும்பு மெசினோட வடிவா முட்டிக்கொண்டிருக்க வேணும், வயரை அந்தரத்தில தொங்க விட்டு இழுத்தால் பிளக்குக்கு நெருப்பு அனுப்புற சி.டி.ஐ. பெட்டி அடிபட்டுப் போகும். மற்றது, பிளக் ஓட்டைக்குக் கிட்ட வைச்சுச் சோதிக்கவே கூடாது. இழுக்கேக்க உந்த ஓட்டையால பெற்றோல் ஆவி பீச்சிக்கொண்டு வரும். நான் 2011-ல மண்டைதீவுப் பக்கம் கடலுக்குள்ள வைச்சு அப்பிடிச் செய்து போட்டன், அவசரம். பூ எண்டு ஒரு சத்தம், வலக்கை மயிர் முழுக்கக் கருகினது, நல்லகாலம் பெற்றோல் கான் மூடிக் கிடந்தது. இண்டைக்கும் அந்த மணம் நினைவிருக்கு. பிளக்கை ஓட்டையில இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கோ, ஓட்டைக்குத் துணி அடையுங்கோ.

இனி நான் முதல்லயே சொல்லியிருக்க வேண்டிய சோதனை. பிளக் ரெண்டையும் கழட்டி, எண்ணெய் வால்வை மூடி, ஓட்டையைத் துணியால மூடிக்கொண்டு பத்துத் தரம் இழுத்து உள்ள கிடக்கிற எண்ணெயை வெளியேத்துங்கோ. அரை மணித்தியாலம் காய விடுங்கோ. பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி 2ரி கலந்த சுத்தப் பெற்றோல், போத்தலில இருந்து நேர ஓட்டைக்குள்ள. காய்ஞ்ச பிளக்கைப் பூட்டி, வயரைக் கொழுவி இழுங்கோ. ரெண்டு செக்கன் கத்திப் போட்டு நிண்டால் நெருப்பும் அமுக்கமும் நல்லம், பழுது எண்ணெய் வாற பாதையில. ஒரு இருமல் கூட வரேல்லையெண்டால் நெருப்புப் பக்கம் போவம்.

மார்ச் 10, ஞாயிறு

இண்டைக்கு ஒருத்தரும் மெசினைத் தொடமாட்டினம், தவக்கால ஞாயிறு. தம்பியும் நாளைக்குத்தான் பாப்பாராம். நான் பூசையால வந்து இருந்து யோசிக்கிறன், அதால என்ர கதை ஒண்டை எழுதிவிடுறன், ஏனெண்டால் இவற்ற பழுதும் உதுவா இருக்கலாம் எண்டு மனம் சொல்லுது.

2016 கார்த்திகை. வாடை தொடங்கி ரெண்டு கிழமை மழை. என்ர மெசின் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மழை விட்டு வெயில் எறிச்சால் வரும். ஒரு திருத்திற கடைக்குக் கொண்டு போனன், பேர் வேண்டாம். சி.டி.ஐ. போட்டுது எண்டு சொல்லி மாத்தினவை. அந்த மாசம் பிடிச்ச நண்டுக் காசு அப்பிடியே போச்சு. கொண்டு வந்து பூட்ட ரெண்டு நாள் ஓடிச்சு, மூண்டாம் நாள் மழை, திரும்ப அதே கதை. அழுகை வந்தது.

கடைசியில வீட்டில வைச்சு மூடியைக் கழட்டி ஒவ்வொரு வயரா விரலால தடவிக்கொண்டு போனன். நிப்பாட்டுற சிவப்புப் பட்டன் இருக்கெல்லோ, அதில இருந்து வாற வயர் ரெண்டு, என்ர மெசினில ஒண்டு வெள்ளை, மற்றது கறுப்பு. வெள்ளை வயர் உள்பக்கம் ஒரு இரும்பு விளிம்பில உரஞ்சி உரஞ்சி றபர் தேய்ஞ்சு, அரிசி மணியளவு செம்பு வெளியில தெரிஞ்சுது. செம்பு எண்டு சொல்லேலாது, பச்சைப் பசேல் எண்டு உப்புப் பூத்துக் கிடந்தது. நகத்தால சுரண்ட மாவு மாதிரிக் கொட்டிச்சு. ஈரம் பட்டால் அந்த இடத்தால கரண்ட் மெசின் உடம்புக்கு இறங்கிடும். நிப்பாட்டுற பட்டன் செய்யிற வேலையும் அதுதானே, நெருப்பைப் பூமிக்கு இறக்கி விடுறது. ஆக, நான் கயிறு இழுக்க இழுக்க, மெசினுக்கு ஆரோ பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கிற மாதிரி.

சோதிக்கிறது லேசு. பட்டனால வாற வயர் ரெண்டையும் மூட்டில கழட்டி விடுங்கோ, ஒண்டோடொண்டு முட்டாமல் தனித்தனியா. இப்ப நெருப்பு வந்தால் பழுது பட்டனிலயோ வயரிலயோதான், சி.டி.ஐ.யில இல்லை. ஆள் தவறி விழுந்தால் மெசின் நிக்கிறதுக்கு எண்டு கைக்கயிறு கொழுவுற சிவப்புக் கிளிப் இருக்கிற மெசினெண்டால் அந்தக் கிளிப் இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ, பிள்ளையள் இழுத்து விளையாடிப் போட்டு வைச்சிருப்பினம்.

செம்பு தெரிஞ்ச இடத்தை வெட்டி, உப்புச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைச்சு, ரேப் சுத்தினன். ரேப் அஞ்சு ரூபாய்க்குக் கூட வந்திராது.

மார்ச் 10, பின்னேரம்

மேல எழுதினதில முக்கியமானது ஒண்டை விட்டிட்டன். பட்டன் வயரைக் கழட்டினால் மெசின் ஸ்ராட் வந்த பிறகு பட்டனால நிப்பாட்டேலாது. சோக்கை முழுக்க இழுங்கோ, அல்லாட்டி எண்ணெய்க் குழாயைக் கழட்டுங்கோ. இது தெரியாமல் ஸ்ராட் பண்ணி, தண்ணி இல்லாமல் கரையில கத்த விட்டு, மெசினைக் குளிராக்கிற தண்ணிப் பம்பின்ர றபர் இறக்கையை எரிச்ச ஆக்கள் இருக்கினம். கரையில சோதிக்கிறதெண்டால் மெசின்ர கீழ்க்கால் ஒரு பீப்பாத் தண்ணிக்குள்ள நிக்கவேணும்.

மார்ச் 11, திங்கள், காலமை 8.20

தேக்கரண்டிச் சோதனை செய்திட்டார். முதல் இழுவையிலயே கத்திச்சாம், ரெண்டு மூண்டு செக்கன், பிறகு புகை தள்ளிப் போட்டு நிண்டுதாம். ரெண்டாந்தரமும் அப்பிடியே.

அப்ப நெருப்பு நல்லம், அமுக்கம் நல்லம். நான் நேற்று முழுக்க வயர் வயர் எண்டு எழுதினது என்ர மெசின்ர கதை, இவற்ற மெசின்ர கதை இல்லை. அழிக்கேல்லை, வேற ஆருக்கும் உதவும், ஆனா இவர் பட்டன் வயரைக் கழட்டத் தேவையில்லை. ஒருக்கால் அடிபட்ட இடத்தைத்தான் மனம் திரும்பத் திரும்பப் பாக்கும், தேக்கரண்டிச் சோதனைக்கு மறுமொழி வர முந்தி நான் அதை எழுதியிருக்கக் கூடாது.

இனி எண்ணெய்ப் பாதை மட்டும்தான். ராங்கில இருந்து தொடங்குங்கோ.

ராங்க் மூடியில காத்து ஸ்குரூ திறந்து கிடக்கோ? மூடிக் கிடந்தால் உள்ள வெறுமையாகி எண்ணெய் வராது, ராங்க் வயிறு ஒட்டின மாதிரி உள்ள போகும். ஆனா அது பெரும்பாலும் ஸ்ராட் வந்து அஞ்சு நிமிசத்தால நிக்கிற பழுது. றபர் பம்பில இருக்கிற அம்புக்குறி மெசின் பக்கம் பாக்கவேணும். அமத்த அமத்த இறுகாமல் தொளதொள எண்டு கிடந்தால் எங்கயோ காத்து இழுக்குது, குழாய் மெசினோட கொழுவுற மூட்டில சின்ன றபர் வளையம் ஒண்டு இருக்கு, அது வெயிலில காய்ஞ்சு வெடிச்சுப்போகும். எண்ணெய் ஒழுகேல்லை, அப்ப மூட்டு நல்லம் எண்டு நினைக்கக் கூடாது, அது உறிஞ்சிற பக்கம், எண்ணெய் வெளியில வராது, காத்துத்தான் உள்ள போகும்.

இவற்ற பிளக் நனைஞ்சு கிடக்கு, அதால எண்ணெய் போகுது. எனக்கு இப்ப தண்ணியிலதான் சந்தேகம். சனிக்கிழமை பிடிச்ச போத்தல் இருக்கோ?

மார்ச் 11, இரவு

தண்ணி எண்டு சொன்ன உடன 2022 ஞாபகம் வந்திட்டுது. அந்த வருசம் எங்கட ஆக்கள் பட்ட பாடு எழுதி முடியாது. முதல்ல மண்ணெண்ணெய் இல்லை, நாள்க்கணக்கா வரிசை, வள்ளங்கள் கரையில காய்ஞ்சுது. பிறகு ஓகஸ்ட்டில லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ரூபாய். ஒரு நாள்த் தொழிலுக்கு 20 லீற்றர் எரிக்கிறவன் 1,740 ரூபாய் வைச்ச இடத்தில 6,800 ரூபாய் வைக்கவேணும், கடலில மீன் அந்தக் கணக்குப் பாத்து வராது. நான் அந்த மாசம் பாதி நாள் களப்புக்குள்ள கோலால தாங்கித்தான் தொழில் செய்தனான், ஆழம் இல்லாத கடல் எண்டதால அது ஏலும், வடகரையில இருக்கிற ஆக்கள் என்ன செய்வினம்?

அந்த நேரம் கான்களில விக்கிற எண்ணெய் வாங்கினனான். ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலில ஊத்திப் பத்து நிமிசம் வைச்சுப் பாத்தன், அடியில முத்து மாதிரி உருண்டு உருண்டு தண்ணி. போத்தலைச் சரிச்சால் முத்துகள் ஓடி ஒண்டாச் சேரும், எண்ணெயோட கலக்காது. அண்டையில இருந்து ஆரிட்ட வாங்கினாலும் வெள்ளைப் போத்தலில ஊத்திப் பாக்காமல் ராங்குக்குள்ள விடுறதில்லை. பாதி ராங்கோட இரவில வைச்சாலும் பனித்தண்ணி உள்பக்கம் பிடிக்கும், கடலுக்குப் போகாத நாளிலயும் நிரப்பி வைக்கிறது நல்லம், எண்ணெய் விலைக்கு ஆர் நிரப்புறது எண்டது வேற கதை.

மார்ச் 12

வல்வெட்டித்துறை அண்ணை ஒருத்தர், என்னிலும் மூத்தவர், எழுதியிருக்கிறார்: கரைக்கு வரேக்க பெற்றோலுக்கு மாத்திறது மட்டும் காணாது, எண்ணெய்க் குழாயைக் கழட்டி மெசின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடவேணும், அப்பத்தான் சட்டி முழுக்கக் காயும் எண்டு. சரி அண்ணை, நாலைஞ்சு நாள் கிடக்கப் போற மெசினுக்கு நீங்கள் சொல்லுறதுதான் சரி. நாளாந்தம் ஓடுற மெசினுக்கு நான் அப்பிடிச் செய்யிறதில்லை, கடைசி ஒரு நிமிசம் எண்ணெய் குறைஞ்சு ஓடேக்க 2ரியும் குறையும், 2 ஸ்ரோக்குக்கு எண்ணெயோட வாற 2ரிதானே உராய்வுக்கு மருந்து.

அதே அண்ணை 2ரி கணக்கையும் கேட்டவர். 50-க்கு 1 எண்டால் லீற்றருக்கு 20 மில்லி, 25-க்கு 1 எண்டால் 40 மில்லி. உங்கட மெசின்ர புத்தகத்தில பெற்றோலுக்கு ஒரு கணக்கும் மண்ணெண்ணெய்க்கு ஒரு கணக்கும் இருந்தால் அதையே பிடியுங்கோ. "கொஞ்சம் கூட விட்டால் மெசினுக்கு நல்லம்" எண்டு ஊத்தினால் பிளக் கரி பிடிக்கும்.

மார்ச் 13, புதன்

பேசாலைத் தம்பியோட ஃபோனில கதைச்சன், எழுதி எழுதிக் கேக்கிறது சரிவரேல்லை.

சனிக்கிழமைப் போத்தலில தண்ணி முத்து இல்லை. சரி. நான் கேட்டன், "பெற்றோல் ஊத்தின பிறகு சட்டியைத் திரும்ப வடிச்சீங்களோ?" இல்லையாம். "இப்ப வடியுங்கோ, நான் லைனில நிக்கிறன்."

வடிச்சார். "உள்ளங்கையில ரெண்டு துளி விடுங்கோ. குளிருதோ?" பெற்றோலெண்டால் விட்ட உடன சில்லெண்டு குளிரும், ஊதினால் போயிடும், 2ரி பிசுக்கு மட்டும் லேசா மிஞ்சும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார், "குளிரேல்லை அண்ணை, அப்பிடியே வழுவழு எண்டு நிக்குது. மணமும் மண்ணெண்ணெய் மணம்தான்."

பெற்றோல் பக்கம் வால்வைத் திருப்பி, பெற்றோல் பம்ப் பண்ணி, சட்டிக்குள்ள வந்தது மண்ணெண்ணெய். அப்ப மாத்திற வால்வு பெற்றோல் பக்கம் நிக்கேக்கயும் மண்ணெண்ணெயை உள்ள விடுது. உள்ள இருக்கிற றபர் தேய்ஞ்சிருக்க வேணும்.

ஆனா எனக்கு ஒண்டு இடிச்சுது. றபர் ஒரே நாளில தேயாது. அவ்வளவு நாளும் ஓடின மெசின், ஏன் வெள்ளிக்கிழமை ஓடிச் சனிக்கிழமை நிண்டுது? கேட்டன், "வள்ளத்தில புதுசா ஏதும் மாத்தினீங்களோ?" முதல்ல இல்லை எண்டவர். பிறகு மெதுவா வருது கதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரிய ஐஸ் பெட்டி ஒண்டு வாங்கினவராம், அது வைக்க இடமில்லாமல் மண்ணெண்ணெய் ராங்கைக் கீழ்ப்பலகையில இருந்து தூக்கி மேல்த் தட்டில வைச்சவராம்.

பிறகென்ன, விளங்கிட்டுது. ராங்க் கீழ இருக்கேக்க வால்வு கசிஞ்சாலும் மேல ஏற வழியில்லை. மேல தூக்கி வைச்ச உடன இரவு முழுக்கத் தானா இறங்கி வால்வுக்குள்ளால சொட்டுச் சொட்டா வந்து நிண்டிருக்கு. இவர் காலமை பெற்றோல் பம்ப் பண்ணப் பண்ண ரெண்டும் கலந்துதான் உள்ள போயிருக்கு. சூடாக் கிடந்த மெசினெண்டால் அதையும் எரிச்சிருக்கும், குளிர்ந்த மெசினுக்கு ஏலேல்லை.

மண்ணெண்ணெய்க் குழாயை வால்வில கழட்டி, ஒரு போல்ற்றை அடைப்பா வைச்சுக் கட்டச் சொன்னன். சட்டியை ரெண்டு தரம் பெற்றோலால கழுவி வடிச்சார். பிளக் துடைச்சுக் காய வைச்சுப் பூட்டினார். நாலாவது இழுவை. ஃபோனுக்குள்ளால மெசின் சத்தம் கேட்டுது, கரையில நிண்ட பொடியள் கூவினதும் கேட்டுது.

மார்ச் 13, இரவு

இன்னும் கொஞ்சம். நான் முதல் நாள் காலமை சொன்னது பாதி சரி: சட்டிக்குள்ள மண்ணெண்ணெய். ஆனா ஒருக்கால் வடிச்சால் முடிஞ்சுது எண்டு நினைச்சன், திரும்ப வடிச்சுப் பாக்கச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் சனிக்கிழமை மத்தியானமே பிடிச்சிருப்பம், தம்பிக்கு மூண்டு நாள்த் தொழில் மிஞ்சியிருக்கும். அது எனக்கு மனவருத்தம்.

இனி ஆரும் "ஸ்ராட் வருகுதில்லை" எண்டு கேட்டால் நான் இப்பிடித்தான் கேப்பன்: கடைசியா ஓடினதுக்கும் இண்டைக்கும் இடையில மெசினில, ராங்கில, வள்ளத்தில என்ன தொட்டீங்கள்? பிறகு தேக்கரண்டிப் பெற்றோல். பிறகு பிளக் முகம். காபரேட்டர் கழட்டுறது கடைசி.

மார்ச் 16

வேற ஒருத்தர் கேட்டிருக்கிறார், மெசின் கடலுக்குள்ள விழுந்து எடுத்தது, மூண்டு நாள் காய வைச்சிருக்கு, இப்ப ஸ்ராட் பண்ணலாமோ எண்டு. ஐயோ, காய வைச்சதுதான் பிழை. உப்புத்தண்ணி விழுந்த மெசினை எடுத்த உடன பிளக்கைக் கழட்டி, கவிழ்த்துத் தண்ணியை வெளியேத்தி, நல்லதண்ணியால கழுவி, சிலிண்டருக்குள்ள 2ரி எண்ணெய் விட்டுச் சுத்தி, அண்டைக்கே ஓட வைக்கவேணும். உடன ஏலாதெண்டால் நல்லதண்ணிப் பீப்பாவுக்குள்ள முழுக்கத் தாட்டு வைக்கிறது வெளியில வைக்கிறதிலும் நல்லம், காத்துப் பட்டால்தான் உப்பு தின்னத் தொடங்கும். மூண்டு நாள் எண்டால் பெயரிங் துரு பிடிச்சிருக்கும். கயிறு இழுக்காதேங்கோ, பிளக் கழட்டி 2ரி எண்ணெய் விட்டு, கயிறு சுத்துற மேல்ச் சில்லைக் கையால மெதுவாச் சுத்திப் பாருங்கோ, கரகர எண்டால் பிரிக்கத்தான் வேணும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பெரிய நாளுக்கு அக்காவின்ர வீட்டுக்கு மன்னாருக்குப் போனனான், அப்பிடியே பேசாலைக்கும் போய்த் தம்பியைப் பாத்தன். வால்வுக்கு உள் றபர் தனியாக் கிடைக்கேல்லையாம், முழு வால்வு மாத்தினவர், காபரேட்டர் விலையோட பாத்தால் அது பெரிய காசில்லை. ராங்கையும் திரும்பக் கீழ வைச்சிருக்கிறார், ஐஸ் பெட்டி இப்ப முன் அணியப் பக்கம்.

பழைய வால்வை எனக்குக் காட்ட எண்டு ஒரு சீலைத்துண்டில சுத்தி வைச்சிருந்தவர். வெட்டித் திறந்து பாத்தம். றபர் வளையத்தில ஒரு இடத்தில மட்டும் பிறை மாதிரி ஒரு தேய்வு, நகம் நுழையிற அளவு. ஆறு வருசமா ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் திருப்பின இடம்.

வீட்டுக்கு வந்த கையோட என்ர மெசினில பெற்றோல் பக்கம் வால்வைத் திருப்பி, சட்டியை வடிச்சு உள்ளங்கையில விட்டுப் பாத்தன். குளிர்ந்தது. ஆனா கொஞ்சம் பிந்தித்தான் குளிர்ந்தது. நாளைக்கு வெளிச்சத்தில திரும்பப் பாப்பம்.